பந்தயத்துக்குப் போய்விட்டு வீடு திரும்பும் கார்

2022 மாசி மாதக் கடைசி. ஐஃபெல் மலையில் பனி இன்னும் கரையவில்லை. கொலோன் நகரத்துப் பல் வைத்தியர் ஒருவர் எங்கள் கராஜுக்கு வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த மேசையில் இரண்டு படங்களை அருகருகே வைத்தார். இரண்டும் ஒரே கார்தான். போர்ஷ 911 ஜிடி3. அதே எஞ்சின், அதே 510 குதிரை வலு, அதே விலை. ஒன்றின் பின்னால் வாங்கில் மாதிரி ஒரு பெரிய செட்டை. மற்றதில் அது இல்லை. அதற்கு 'டூரிங்' என்று பெயர்.

"நீங்கள் சொல்லுங்கள், எதை எடுப்பது?" என்றார்.

அவர் எங்கள் பழைய வாடிக்கையாளர். ஐம்பத்தெட்டு வயது, முதுகு கொஞ்சம் நோகும், மனைவிக்குச் சத்தம் பிடிக்காது. கோடையில் இருவருமாக ஸ்டெல்வியோ கணவாயால் ஏறி இத்தாலிக்கு இறங்க வேண்டும். அது தவிர வருடத்தில் நாலைந்து நாள் எங்கள் நூர்புர்க்ரிங் ஓடுபாதையில் மனம் போனபடி ஓட வேண்டும். ஒரே கார் இரண்டுக்கும் சரிவர வேண்டும்.

இந்தக் கேள்வியை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கார் மாறுகிறது, கேள்வி மட்டும் மாறுவதில்லை. உடனே பதில் சொல்லாமல் தேநீர் போட்டேன். நான் கார் விற்கிறவன் அல்ல, திருத்துகிறவன். திருத்துகிறவனுக்குக் காரின் நாளையைவிட நேற்றுத்தான் நன்றாகத் தெரியும்.

என் நேற்றையும் சொல்லிவிடுகிறேன். தொழில் பழகியது கொக்குவிலில். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனபோது, எங்கள் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலால் இரண்டு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் போகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் போவான். 1995 ஒக்டோபர் கடைசியில் ஊர் முழுக்க ஒரே இரவில் எழும்பியபோது அப்படிப்பட்ட ஓர் ஏ40இல்தான் நாங்களும் புறப்பட்டோம். உள்ளே ஏழு பேர், மேலே சைக்கிளும் அரிசி மூட்டையும். நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட விடிந்துவிட்டது. காரின் வேகம் பற்றி யாராவது என்னிடம் பெருமை பேசும்போது அந்த இரவுதான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அந்தக் கார் நின்றுபோகவில்லை. எனக்கு அது போதும்.

1997இல் ஜேர்மனிக்கு வந்தேன். அகதிக் கோரிக்கை முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய சட்டம். எனக்கு விதிக்கப்பட்ட மாவட்டம் ஆர்வைலர். அதன் தென்மேற்கு மூலையில் இருக்கிறது நூர்புர்க் என்ற சின்னக் கிராமம். குன்றின் உச்சியில் இடிந்த கோட்டை. கோட்டையையும் காட்டையும் சுற்றி ஓடுகிறது அந்த ஓடுபாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய் ப்ரூன்ஷன் வளைவின் வேலியோரம் நிற்பேன். ஹொலண்டில் இருந்தும் இங்கிலாந்தில் இருந்தும் சொந்தக் காரில் வந்தவர்கள் என் முன்னால் ஓடுவார்கள். பிறேக்கின் மணத்தை வைத்தே யார் இன்று நொந்துபோய்த் திரும்பப் போகிறான் என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. இருபது கிலோ மீற்றர் வட்டத்தைச் சுற்ற அவர்கள் ஆயிரம் கிலோ மீற்றர் தாண்டி வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்து மாவட்டத்துக்குப் போகக் கடுதாசி வேண்டும். சிரிப்பும் வந்தது.

இந்த ஓடுபாதை பணக்காரரின் விளையாட்டுக்காகப் பிறந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறந்த காரணம் பசி. ஐஃபெல் கல்லும் குளிருமான பூமி; 'பிரஷ்யாவின் சைபீரியா' என்று கேலிப் பெயர் வாங்கிய இடம். முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கே வேலை இல்லை. ஆடெனாவ் வட்டாரத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த ஒட்டோ க்ரொய்ட்ஸ் என்பவர், வேலையில்லாதவர்களுக்கு நிவாரண வேலையாக மலைக்குள் ஒரு பந்தயச் சாலை போடலாம் என்று பெர்லினில் பணம் வாங்கினார். 1925இல் வெட்டத் தொடங்கினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிக்காசும் மண்வெட்டியுமாக இரண்டு வருடம் உழைத்தார்கள். 1927 ஜூன் 18ஆம் திகதி திறப்பு விழா. வடக்கு, தெற்கு வளையங்கள் இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 28 கிலோ மீற்றர். வடக்கு வளையம் மட்டும் 22.8. பிறகு சுருக்கி, இன்றைக்கு 20.832.

பந்தயம் இல்லாத நேரங்களில் சுங்கம் கட்டிவிட்டு யாரும் தங்கள் காரை உள்ளே ஓட்டலாம் என்ற வழக்கமும் அன்றே தொடங்கியது. ஒருவழிச் சுங்கச் சாலை, அவ்வளவுதான். இன்றும் சட்டப்படி அப்படித்தான். தெருவின் போக்குவரத்து விதிகள் உள்ளேயும் செல்லும். வலப்பக்கமாக முந்தக் கூடாது. நேரம் அளந்து ஓடுவதற்குத் தடை. நான் வந்த நாள்களில் பதிவெண் இருந்தால் போதும், மீன் வண்டியும் போகலாம். போயும் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அதே 1927ஆம் ஆண்டு, மூன்று மாதம் முந்தி, இத்தாலியில் 'மில்லே மிலியா' தொடங்கியது. ப்ரேஷாவில் இருந்து ரோமுக்குப் போய்த் திரும்பவும் ப்ரேஷாவுக்கு, ஏறத்தாழ 1,600 கிலோ மீற்றர், ஊர்களுக்குள்ளும் சந்தைத் தெருக்களுக்குள்ளும். ஜேர்மன்காரர் பந்தயத்துக்கென்று தெரு போட்டார்கள், இத்தாலியர் தெருவையே பந்தயத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பல் வைத்தியரின் மேசைப் படங்கள் இரண்டும் அந்த ஒரே ஆண்டில் கருக்கொண்டவை என்பேன்.

நூர்புர்க்ரிங் திறந்த மறுநாள் கார்ப் பந்தயம். மேர்சிடிஸின் புது எஸ் மாதிரியில் ருடோல்ஃப் கராச்சியோலா முதலாவது. அவர் ரைன் கரையில் உள்ள ரெமாகன் ஊரவர், எங்கள் மாவட்டம். ஓடுபாதையின் கிண்ணம் போன்ற கொங்கிறீற் வளைவுக்கு இன்று அவருடைய பெயர்தான். இரண்டாவதாக வந்தவரின் பெயரை இங்கே வருகிறவர்களில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம். அடோல்ஃப் ரோசன்பேர்கர். ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் பிறந்த யூதர்.

அவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1931இல் ஃபெர்டினன்ட் போர்ஷ ஸ்டுட்கார்டில் வடிவமைப்பு அலுவலகம் திறந்தபோது மூன்று பங்காளிகள். போர்ஷவுக்கு நூற்றுக்கு எண்பது, மருமகன் அன்டன் பியெக்குக்குப் பத்து, ரோசன்பேர்கருக்குப் பத்து. பணம் போட்டதும் கணக்கு வழக்குப் பார்த்ததும் அவர். 1935இல் அந்தப் பத்துப் பங்கு 3,000 ரைஷ்மார்க்குக்குக் கைமாறி, போர்ஷவின் மகன் ஃபெரியிடம் போனது. அதே வருடம் அவரைக் கைதுசெய்து கிஸ்லௌ முகாமில் அடைத்தார்கள். சில நாள்களில் வெளியே வந்து, நாட்டைவிட்டுப் போய், கடைசியில் அமெரிக்காவில் அலன் ரொபேர்ட் என்ற பெயரோடு வாழ்ந்தார். போருக்குப் பின் வழக்குப் போட்டார். 1950இல் சமரசம்: 50,000 மார்க், கூடவே ஒரு கார். சொகுசு ஃபோல்க்ஸ்வாகனா, போர்ஷ 356ஆ, விரும்பியதைத் தெரிவு செய்துகொள்ளலாம். அவர் கலிஃபோர்னியாவில் மனைவியின் நோயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அவரைக் கேளாமலே வழக்கறிஞர் அதை ஏற்றுக்கொண்டார். 1967இல் அங்கேயே இறந்துபோனார்.

கார் தெரிவு செய்வது பற்றி யார் என்னிடம் கேட்டாலும் இந்தத் தெரிவுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். ஊரையும் தொழிலையும் பெயரையும் பறித்துவிட்டு, எந்தக் கார் வேண்டும் என்று கேட்பது. வைத்தியருக்கு இதைச் சொன்னபோது அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் நல்ல மனிதர். சொன்னது தப்போ என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு, இல்லை என்று விட்டுவிட்டேன்.

போருக்குப் பின்னான பதினைந்து வருடங்களில் தெருக் காருக்கும் பந்தயக் காருக்கும் நடுவில் வேலி கிடையாது. 1954 மில்லே மிலியாவில் ஹான்ஸ் ஹெர்மன் ஒரு சின்னப் போர்ஷ 550ஐ ஓட்டிப் போகிறார். முன்னால் ரயில் கடவை. படலை இறங்குகிறது, ரோமுக்குப் போகும் ரயில் வருகிறது. பக்கத்தில் இருந்த ஹேர்பேர்ட் லிங்கவின் தலைக்கவசத்தில் ஓர் அடி போட்டுக் குனிய வைத்து, தானும் குனிந்து, படலைக்குக் கீழால் நுழைந்து போய்விட்டார். கார் அவ்வளவு பதிவு. அடுத்த வருடம் ஸ்டெர்லிங் மொஸ் மேர்சிடிஸில் அந்த 1,600 கிலோ மீற்றரை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் ஓடினார். நம்முடைய பயண மொழியில் சொன்னால், காலைச் சாப்பாட்டுக்கு முதல் வெளிக்கிட்டு மாலைத் தேநீருக்கு வந்து சேர்ந்தார்.

வைத்தியரின் கேள்விக்குப் பிரான்ஸின் 'தூர் து ஃப்ரான்ஸ்' கார்ப் பந்தயம் இதைவிடப் பொருத்தம். ஐயாயிரம் கிலோ மீற்றருக்கு மேல் நாட்டைச் சுற்றி ஓட வேண்டும். இடையிடையே ஓடுபாதைகளில் பந்தயம், மலையேற்றம். முடிந்ததும் அதே காரில் அடுத்த ஊருக்கு. 1956இல் ஸ்பானியப் பிரபு அல்ஃபோன்சோ தெ போர்தாகோ ஃபெராரி 250 ஜிடியில் வென்றார். அந்த வெற்றியால் அந்தக் காருக்கே பந்தயத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. என் வைத்தியர் ஒரு வருடத்தில் செய்ய நினைப்பதை அவர்கள் ஒரு வாரத்தில் செய்தார்கள்.

அடுத்த வருடமே கதை முடிந்தது. 1957 மே மாதம், மில்லே மிலியா முடிய இன்னும் கொஞ்சத் தூரம். குயிதிட்சோலோ ஊருக்கு அருகே அதே தெ போர்தாகோவின் ஃபெராரியின் ரயர் வெடித்தது. அவரும் உடன் ஓடியவரும், தெருவோரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒன்பது பேரும் செத்தார்கள். அந்த ஒன்பதில் ஐந்து குழந்தைகள். இத்தாலி பந்தயத்தை நிறுத்தியது. அதற்குப் பிறகு பந்தயம் மெல்ல மெல்ல வேலிக்குள் போனது. கார்களும் பிரியத் தொடங்கின. 1959இல் வந்த குட்டை ஃபெராரி 250 ஜிடியை வாங்கப் போனவரிடம் விற்பனைக்காரர் கேட்ட கேள்வி: தெருவுக்கு உருக்கு உடலா, பந்தயத்துக்கு அலுமினிய உடலா?

ஆனால் ஒரு விதி இரண்டையும் கயிறு போட்டுக் கட்டி வைத்தது. ஒரு பந்தயப் பிரிவில் கார் ஓட வேண்டுமானால், இத்தனை கார்களைக் கட்டிச் சனத்துக்கு விற்றிருக்க வேண்டும். குறுக்கு வழியில் போவோருக்காகப் போட்ட இந்த விதிதான் உலகத்தின் மிக நல்ல தெருக் கார்கள் சிலவற்றுக்குத் தாய். 1986இல் வந்த முதல் பிஎம்டபிள்யூ எம்3 அப்படிப் பிறந்ததுதான். அதற்கு 5,000 கார் கணக்கு. என் கையால் திருத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த காரும் அதுவே. அதைப் பற்றித் தொடங்கினால் நிற்க மாட்டேன், விடுகிறேன்.

வைத்தியரின் கேள்விக்கு நேரான பாட்டன் 1972இல் இருக்கிறான். அந்த வருடம் ஸ்டுட்கார்டில் கவலை. போர்ஷவின் பெரிய 917 பந்தயக் காரை விதி மாற்றம் ஐரோப்பாவின் நெடும்பந்தயங்களில் இருந்து துரத்திவிட்டது. இனி 911ஐ வைத்துத்தான் ஓட வேண்டும். அதற்குக் காரின் கனம் குறைய வேண்டும், எஞ்சின் பெருக்க வேண்டும், வேகத்தில் பின்புறம் மேலே தூக்குவது நிற்க வேண்டும். 911இன் எஞ்சின் பின் சில்லுக்கும் பின்னால் தொங்குகிறது. வேகமான வளைவில் பயந்து திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். டில்மான் ப்ரோட்பெக் என்ற இளம் பொறியியலாளர் பின் மூடியில் தாரா வால் மாதிரி ஒரு மடிப்பை வைத்துக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தார். ஜேர்மன்காரர் இன்றும் அதைத் தாரா வால் என்றே சொல்கிறார்கள். பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம்; வாலைப் பார்த்தாலே அது ஏன் என்று விளங்கும்.

1972 ஒக்டோபரில் பரிஸ் கண்காட்சியில் 'கரேரா ஆர்எஸ் 2.7' என்று அது வெளியே வந்தது. 210 குதிரை வலு. நூறு கிலோ மீற்றர் வேகத்துக்கு 5.8 விநாடி. விதிக்கு 500 கார் விற்க வேண்டும். இப்படி ஒன்றை 500 பேர் வாங்குவார்களா என்று விற்பனைப் பிரிவு தலையில் கை வைத்தது. நவம்பர் முடிய முதல் 500உம் போய்விட்டன. கடைசிக் கணக்கு 1,580.

இந்த 1,580ஐப் பிரித்துப் பார்ப்பதில்தான் சுவை. வாங்குகிறவர் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். 700 மார்க் கூடக் கொடுத்தால் 'ஸ்போர்ட்'. 2,500 மார்க் கூடக் கொடுத்தால் 'டூரிங்'. ஸ்போர்ட் என்றால் காரைப் பட்டினி போட்ட மாதிரி: பின் இருக்கை இல்லை, மணிக்கூடு இல்லை, கை வைக்கும் தாங்கி இல்லை, சத்தம் அடக்கும் அட்டை இல்லை, கதவைச் சாத்த ஒரு வார். கோட்டு மாட்டும் கொழுக்கியைக்கூடக் கழற்றிவிட்டார்கள். தகரம் மெல்லியது, கண்ணாடி மெல்லியது. கனம் 960 கிலோ. டூரிங்கில் கம்பளம், இருக்கை, கொழுக்கி எல்லாம் திரும்ப வந்தன, கனம் 1,075.

பந்தயத்துக்கென்றே பிறந்த கார். வாங்கியவர்களும் வேகப் பைத்தியங்கள்தான். எத்தனை பேர் ஸ்போர்ட்டை எடுத்தார்கள்? 200. டூரிங் 1,308. மிச்சம் 55 முழுப் பந்தயக் கார், 17 வெறும் அடிப்படைக் கார். அதாவது, மெலிவைப் பார்த்து மயங்கி வந்தவர்களில் ஆறுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் கம்பளத்துக்குத்தான் காசு கொடுத்தார்கள். இன்னொன்று: விதிப்படி கனம் நிறுக்க வேண்டும் என்பதால், டூரிங் கேட்டவர்களின் கார்களையும் முதலில் ஆடை உரித்து, மெல்லிய ரயர் போட்டு நிறுவைக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி கையெழுத்து வைத்ததும் தொழிற்சாலைக்குத் திரும்பக் கொண்டுவந்து கம்பளமும் இருக்கையும் பூட்டினார்கள். தேர்தலுக்குக் கதர் போட்ட மாதிரி.

அந்த 55இல் சில, அடுத்த வருடமே டேய்டோனா 24 மணி நேரப் பந்தயத்தையும், சிசிலி மலைத் தெருக்களில் நடந்த டார்கா ஃப்ளோரியோவையும் வென்றன. உலகக் கிண்ணக் கணக்கில் டார்கா ஃப்ளோரியோவுக்கு அதுதான் கடைசி வருடம். தெருவில் ஓடும் காரின் உடன்பிறப்பு, கடைசித் தெருப் பந்தயத்தை வென்று கதவைச் சாத்தியது.

இன்றைக்கு அந்த 200 ஸ்போர்ட்டில் ஒன்று சந்தைக்கு வந்தால் டூரிங்கைவிட எவ்வளவோ கூடிய விலை போகிறது. அன்றைக்கு வேண்டாம் என்று விட்டதற்கு இன்று அடிபடுகிறார்கள். ஆனால் வாங்குகிறவர்கள் அதை ஓட்டுவதில்லை, வெல்வெற் கயிறு கட்டி வைக்கிறார்கள். நாங்கள் ஒருமுறை ஒரு டூரிங்கைத் திருத்தினோம். 1973இல் இருந்து ஒரே குடும்பம், கம்பளத்தில் நாய் மயிர், கையுறைப் பெட்டிக்குள் லிஸ்பன் ஹோட்டல் ஒன்றின் பற்றுச்சீட்டு. அந்தக் காரின் கீழே படுத்து வேலை செய்த மூன்று நாளும் எனக்குச் சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை.

இதற்கிடையே எங்கள் ஓடுபாதையின் கதை. 1968இல் மூடுபனியும் மழையுமான பந்தயத்தில் ஜாக்கி ஸ்டூவர்ட் நான்கு நிமிட இடைவெளியில் வென்றார். 'பச்சை நரகம்' என்று இதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. 1975இல் நிக்கி லௌடா தகுதிச் சுற்றில் 6 நிமிடம் 58.6 விநாடியில் சுற்றினார். ஏழு நிமிடத்துக்குள் அதுவரை யாரும் போனதில்லை. 1976 ஓகஸ்ட் 1ஆம் திகதி அதே லௌடா பெர்க்வெர்க் வளைவுக்கு முன்னால் நெருப்புக்குள் கிடந்தார். பின்னால் வந்த ஓட்டிகள்தான் இழுத்து எடுத்தார்கள். ஃபோர்முலா 1 அதற்குப் பிறகு வடக்கு வளையத்துக்கு வரவில்லை. 1984இல் பக்கத்தில் பத்திரமான புது ஓடுபாதை திறந்தார்கள். பழைய வளையம் சில பந்தயங்களுக்கும், கார்க் கம்பனிகளின் சோதனைக்கும், சுங்கம் கட்டி வரும் சனத்துக்கும் என்று மிஞ்சியது. அதனால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன். நரகத்துக்கு நுழைவுச்சீட்டு விற்றால் வரிசையில் நிற்க ஆள் இருக்கும்.

1999இல் முதல் 911 ஜிடி3 வந்தது. 360 குதிரை வலு. வால்டர் ரொயர்ல் அதை எட்டு நிமிடத்துக்குள், 7 நிமிடம் 56 விநாடியில் சுற்றிக் காட்டினார். அப்போதும் அதே கேள்வி: சாதாரண ஜிடி3ஆ, இரும்புக் கூடும் பந்தயப் பட்டியும் பூட்டிய 'கிளப்ஸ்போர்ட்'டா? இரண்டும் ஒரே விலை. 2017இல் செட்டை இல்லாத ஜிடி3க்கு டூரிங் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1972இன் அந்த 1,308 பேரைக் கம்பனி மறக்கவில்லை. 2021இல் வந்த ஜிடி3 இன்றைய 20.832 கிலோ மீற்றரை 6 நிமிடம் 59.927 விநாடியில் முடித்தது. லௌடாவின் வளையம் இரண்டு கிலோ மீற்றர் நீளம் கூட, ஆகவே ஒப்பிட முடியாது. ஆனாலும் அவருடையது உலகக் கிண்ணம் வெல்லக் கட்டிய ஃபெராரி. இதுவோ பதிவெண் போட்டுக் கடைக்குப் போகும் கார்.

எனக்கு வேலை அனுமதி கிடைக்க வருடங்கள் ஆயின. கிடைத்ததும் இந்தக் கராஜ். திங்கட்கிழமைகளில்தான் எங்களுக்கு வேலை அதிகம். ஞாயிறு வளையத்தில் நடந்ததெல்லாம் திங்கள் லொறியில் ஏறி வரும். ஒருமுறை, நான் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளரின் காருக்கு பிறேக் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். என்னைவிட மூத்த ஒருவர், இன்னும் ஒரு வருடம் போகும் என்றார். என் டொச்சு மொழி அப்போது வாதாடும் அளவுக்கு இல்லை. பழைய பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடித்துக்குடித்து, சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியை அமுக்கினால் என்ன நடக்கும்? மிதி தரையைத் தொட்டது, கார் வேலியைத் தொட்டது. ஓட்டியவருக்குக் கை முறிவு மட்டும். உடைந்த வேலிக்கும் மீற்றர் கணக்கில் காசு கட்டினார். அன்றிலிருந்து நான் யாரிடமும் எத்தனை குதிரை வலு என்று கேட்பதில்லை, எண்ணெய் எப்போது மாற்றினீர்கள் என்றுதான் கேட்பேன்.

வைத்தியரிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொன்னது இதைத்தான். செட்டை தெருவில் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. வளையத்தின் வேகமான வளைவுகளில் செய்யும், ஆனால் அது தெரியும் வேகத்தில் நீங்கள் ஓட்டப் போவதில்லை. கோபிக்க வேண்டாம். உங்களுக்கு எடுக்க வேண்டிய முடிவு வேறு. கரிநார்க் கிண்ண இருக்கை பார்க்க அழகு, ஏழு நிமிடத்துக்கு நல்லது. ஸ்டெல்வியோவின் நாற்பத்தெட்டுக் கொண்டை வளைவுக்கு உங்கள் முதுகு பதில் சொல்ல வேண்டும். சாய்க்கக்கூடிய இருக்கை எடுங்கள். முன் பக்கத்தைத் தூக்கும் வசதி எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டு நிலக்கீழ்த் தரிப்பிடமே காரைத் தின்னும். பந்தய ரயர் காய்ந்த தெருவில் பிசின். குளிர் மழையில் சவர்க்காரம். ஐஃபெலில், வளையத்தின் ஒரு பக்கம் ஹாட்சன்பாக்கில் வெயில் எறிக்கும்போதே இன்னொரு பக்கம் ஹோஹ அக்டில் மழை பெய்யும். ஆகவே சாதாரண ரயர் நான்கு தனியாக இருக்கட்டும். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் ஓடுபாதை பற்றிய சின்ன எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசியுங்கள்.

"அப்படியென்றால் டூரிங்?" என்றார்.

"வளையத்தால் வெளியே வந்த பிறகு கொலோனுக்குத் தொண்ணூறு கிலோ மீற்றர். அதை எந்தக் காரில் ஓட விருப்பம்?" என்றேன்.

அன்றிரவு வீட்டில் இதை மகளுக்குச் சொன்னேன். அவள் இங்கே பிறந்தவள்; என் தொழிலில் அவளுக்கு ஈடுபாடு இல்லை; மின்சாரக் கார்தான் நியாயம் என்பாள். அது சரியாகவும் இருக்கலாம்.

"அப்பா, உங்களுக்கு எண்டால் எதை எடுப்பியள்?"

"எனக்கு அந்தக் காசு இருந்தா ஏன் பிள்ளை கார் வாங்கிறன்?"

"சும்மா சொல்லுங்கோவன்."

யோசித்தேன். "மண்ணெண்ணெயில ஓடுமோ எண்டு கேட்பன்" என்றேன். அவள் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த வருடம் கார் வந்தது. டூரிங், கரும் பச்சை. ஜூன் மாதம் ஸ்டெல்வியோவுக்குப் போய் வந்தார்கள். செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், வளையத்தில் மூன்று சுற்று முடித்துவிட்டுக் கராஜ் வாசலில் வந்து நின்றார். ரயர்களில் இருந்து சூடு எழும்பியது. முன் சில்லுகளில் பிறேக் தூள் கரிச்சட்டி மாதிரி அப்பியிருந்தது. காற்று அழுத்தம் பார்க்கச் சொன்னார். சூட்டில் ஏறியிருந்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, ஆறட்டும், காலையில் திரும்பப் பாருங்கள் என்றேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்கு. வழியில் ஆடெனாவுக்கு அருகே ஒரு கமக்காரரின் வாசலில் வாங்கினாராம்.

"உருளைக்கிழங்கு" என்றார். "பன்னிரண்டரைக் கிலோ. இதோடுதான் மூன்று சுற்றும் ஓடினேன். இறக்கி வைக்க மறந்துவிட்டேன்."

1972இல் கொழுக்கியையும் மணிக்கூட்டையும் கழற்றி மிச்சம் பிடித்த கனத்தை மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். சாக்கின் வாய் அவிழ்ந்து நாலைந்து கிழங்கு இருக்கைக்குக் கீழே உருண்டிருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டு, சாக்கின் வாயைக் கட்டிக் கொடுத்தேன். தூறல் தொடங்கியிருந்தது. கண்ணாடித் துடைப்பானைப் போட்டுக்கொண்டு கொலோன் பக்கம் திரும்பினார்.